பயனெட்டில் படிந்த வரலாறு: பழசு எது, புதுப்பித்தது எது?

மலருக்குக் கட்டுரை என்றாலே ஹாஸ்டல் மெஸ், அரியர் பேப்பர், கடைசி நாள் கண்ணீர் என்று ஆரம்பித்துவிடுவது நம் வழக்கம். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கொஞ்சம் விலகி, ஒரு பழைய இரும்புத் துண்டைப் பற்றி எழுதுகிறேன்.

துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. ஆங்கிலத்தில் பயனெட், ஹிந்தியில் சங்கீன். என்.சி.சி.யில் இருந்த சீனியர்களுக்கு .303 ரைபிள் தோளை அழுத்தியது மறந்திருக்காது. அந்த ரைபிளின் பழைய ரகத்தில், குழல் வாய்க்குக் கீழே சின்னக் குமிழ் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பயனெட்டை மாட்டுவதற்கான இடம் அது. அங்கே மாட்டிய 1907 மாதிரி பயனெட்தான் இந்தக் கட்டுரையின் நாயகன்.

போர் முடிந்தால் ராணுவத்திடம் ஆயுதம் மிஞ்சும். மிஞ்சியதை உபரி என்று விற்பார்கள். அப்படி வெளியே வந்த பயனெட்டுகளை உலகம் முழுவதும் சேகரிக்கிறார்கள், மியூசியங்களில் வைக்கிறார்கள், தாத்தா கொண்டுவந்தது என்று வீட்டில் மாட்டுகிறார்கள். இதில் எப்போதும் எழும் கேள்வி ஒன்று உண்டு. இது போர்க்காலத்தில் இருந்தபடியே வந்த பொருளா, அல்லது போருக்குப் பிறகு யாராவது புதுப்பித்ததா? விற்பவரைக் கேட்டால் "அசல் ஒரிஜினல் சார்" என்பார். அவர் வேறு என்ன சொல்வார்?

இந்தக் கேள்விக்கு நாம் கண்ணாலும் பூதக்கண்ணாடியாலும் ஓரளவு பதில் சொல்ல முடியும். பிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். ஆனால் அதற்கு முன், "ஒரிஜினல்" என்ற வார்த்தையைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். அது கதையின் நடுவில் தானாக வரும்.

பதினேழு அங்குலம் எதற்கு?

1900-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் தன் ரைபிளைக் குட்டையாக்கியது. பழைய லீ-என்பீல்டின் குழல் 30 அங்குலம். புதிய ஷார்ட் லீ-என்பீல்டில் அது 25 அங்குலம் சொச்சம். காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் ஒரே ரைபிள் போதும் என்பது திட்டம். திட்டம் நல்லதுதான். ஆனால் ரைபிள் குட்டையானால் முனைக் கத்தி எட்டும் தூரமும் குறையுமே! அப்போதிருந்த 1903 மாதிரி பயனெட்டின் அலகு வெறும் 12 அங்குலம். எதிரியின் ரைபிளும் கத்தியும் நீளமாக இருந்தால் நம் ஆள் கைகலப்பில் தோற்றுவிடுவான் என்று அதிகாரிகள் கவலைப்பட்டார்கள்.

விடை ஜப்பானிலிருந்து வந்தது. ஜப்பானியரின் டைப் 30 பயனெட் நீளமாக, கைக்காப்பின் ஒரு முனையில் கொக்கி வைத்து இருந்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 17 அங்குல அலகுடன் 1907 மாதிரி உருவானது. 1908 ஜனவரியில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. அலகின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். ரத்தம் வடிவதற்கு என்று கதை சொல்வார்கள், நம்பாதீர்கள். எடையைக் குறைத்து, விறைப்பைக் காப்பதற்குத்தான் அது. ஐ-பீம் ஏன் ஐ வடிவில் இருக்கிறது என்று படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்பீல்டு அரசுத் தொழிற்சாலை, வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன், மோல், விக்கர்ஸ் என்று பிரிட்டனில் பலர் செய்தார்கள். பின்னாளில் ஷேவிங் பிளேடுக்குப் பெயர் வாங்கிய அதே வில்கின்சன்தான். அமெரிக்காவில் ரெமிங்டன், ஆஸ்திரேலியாவில் லித்கோ, இந்தியாவில் இஷாப்பூர். முதல் உலகப் போரில் லட்சக்கணக்கில் தயாரித்தார்கள். இரண்டாம் உலகப் போரிலும் இது ஓயவில்லை. இவ்வளவு நீண்ட சேவையில் எந்தக் கருவியும் பிறந்தபடியே இருக்காது. இங்கேதான் நம் விஷயம் தொடங்குகிறது.

மூன்று கைகள்

ஒரு பழைய பயனெட்டின் மேல் வேலை செய்திருக்கக்கூடிய கைகள் மூன்று.

முதல் கை ராணுவப் பட்டறை. பொருள் சேவையில் இருக்கும்போதே அதைப் பழுதுபார்த்து, மாற்றி, மறுபடி சிப்பாயிடம் கொடுத்த கை. பெரும்பாலும் அது தன் வேலையை மறைப்பதில்லை. சில நேரம் தேதி போட்டு முத்திரையே அடித்துவிடும்.

இரண்டாவது கை போருக்குப் பிந்தைய டெப்போ. குவியல் குவியலாகக் கிடந்ததைத் துருநீக்கி, பூச்சுப் பூசி, கைக்கு வந்த உறையில் செருகி, கிடங்கில் அடுக்கிய கை. அதற்கு ஏமாற்றும் எண்ணம் கிடையாது. அடுத்த போர் வந்தால் உபயோகப்படும் என்பது மட்டுமே எண்ணம்.

மூன்றாவது கை வியாபாரியுடையது. பொருள் உபரியாக வெளியே வந்த பிறகு, விலை கூட வேண்டும் என்பதற்காக பாலிஷ் போட்டு, இல்லாததை ஒட்டி, இருப்பதை அழித்த கை.

இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டு "ரீகண்டிஷன்" என்று சொல்லிவிடுகிறோம். அது நியாயமில்லை. ராணுவம் 1924-ல் பழுதுபார்த்த பயனெட் போலி அல்ல. அந்தப் பழுதுபார்ப்பும் அதன் வரலாறுதான். டெப்போ பூசிய பூச்சும் போலி அல்ல, அதைப் போர்க்காலப் பூச்சு என்று சொல்லாதவரை. எந்த வேலை எப்போது, யார் கையால் நடந்தது என்பதை மறைப்பதுதான் போலித்தனம். எனவே "ஒரிஜினலா இல்லையா" என்று ஒரே கேள்வியாகக் கேட்பதை விட்டு, "எது முதலில், எது பிறகு" என்று வரிசையைக் கேட்க வேண்டும். கீழே சொல்லும் சோதனைகள் எல்லாமே அந்த வரிசையைக் கண்டுபிடிக்கத்தான்.

முதல் சோதனை: வடிவமும் தேதியும் பொருந்துகிறதா?

1907 மாதிரியில் அலகின் அடிப்பகுதி, அதாவது கைக்காப்பை ஒட்டிய தட்டையான இடம், ஒரு பிறப்புச் சான்றிதழ். ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழ் அரசரின் பெயரெழுத்து, 1907 என்ற மாதிரியின் ஆண்டு, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் பெயர். கவனியுங்கள்: 1907 என்பது மாதிரியின் பெயர், பிறந்த ஆண்டு அல்ல. "1907-ல் செய்தது சார்" என்று யாராவது விலை சொன்னால், அவருக்கு விஷயம் தெரியாது. அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். பிறந்த தேதி தனியாக, மாத எண்ணும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமுமாகச் சின்னதாக இருக்கும்.

அரசரின் எழுத்து ஈ.ஆர். என்றால் ஏழாம் எட்வர்டு. அவர் 1910-ல் காலமானார். ஜி.ஆர். என்றால் ஐந்தாம் ஜார்ஜ் காலமும் அதற்குப் பின்னும்.

அடுத்து கொக்கி. ஜப்பானிய முறையில் வைத்த அந்தக் கொக்கி உபயோகத்தைவிடத் தொந்தரவாக இருந்தது. 1913-ல் அதைக் கைவிட்டார்கள். அதன் பிறகு புதிதாகச் செய்தவற்றில் பெரும்பாலும் கொக்கி இல்லை. முன்பு செய்தவையும் பழுதுபார்க்க வந்தபோது கொக்கி வெட்டப்பட்டுத் திரும்பிப் போயின. அதனால் கொக்கியோடு தப்பியவை குறைவு, விலை மிக அதிகம். விலை அதிகம் என்றால் நம் மூன்றாவது கை சும்மா இருக்குமா? சாதாரண பயனெட்டில் கொக்கியை வெல்டு செய்து விற்பது பழைய தந்திரம். தேதி முத்திரை '17 என்று இருந்து, கொக்கியும் இருந்தால், மேலே பார்க்கவே தேவையில்லை. தேதி சரியாக இருந்தாலும் கைக்காப்பில் கொக்கி தொடங்கும் இடத்தை பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெல்டிங் செய்த இடத்தில் நுண்துளைகள், நிற மாற்றம், அரம் போட்ட கீறல்களின் திசை மாற்றம் ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, பிடியின் கடைசியில் உள்ள துளை. ரைபிளில் மாட்டும் பள்ளத்துக்குள் சேறு அடைத்துக்கொள்கிறது என்று 1916-ல் அந்தத் தலைப்பகுதியில் ஒரு துளை போடத் தீர்மானித்தார்கள். அப்போது பதுங்குகுழிப் போர் உச்சத்தில் இருந்தது. எங்கே பார்த்தாலும் சேறு. ஆகவே 1912 தேதியிட்ட பயனெட்டில் துளை இருந்தால், அது 1916-க்குப் பிறகு பட்டறைக்குப் போய்வந்திருக்கிறது என்று பொருள். இது குறை அல்ல, தகவல். 1912 தேதியில் துளையும் இல்லை, கொக்கியும் அப்படியே இருக்கிறது என்றால் பட்டறைப் பக்கமே போகாத அபூர்வம். அல்லது நன்றாகச் செய்த ஏமாற்று வேலை. அந்தத் துளையை நிரப்பி மூடுவதும் நடக்கும். எனவே இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனை: முத்திரைகள்

அலகின் மறுபக்கம் இன்ஸ்பெக்டர்களின் இடம். கிரீடத்தின் கீழ் எண்ணும் எழுத்தும் கொண்ட சோதனை முத்திரைகள், அரசுச் சொத்து என்பதைக் காட்டும் அகன்ற அம்புக்குறி, அலகை வளைத்துச் சோதித்ததற்கான எக்ஸ் குறி. நம் லேபில் பெண்ட் டெஸ்ட் செய்தோமே, அதேதான். வளைந்து, உடையாமல், நேராகத் திரும்பிய அலகுக்குத்தான் அந்த எக்ஸ் கிடைக்கும்.

ராணுவப் பட்டறை திரும்ப வெளியிட்டபோது சில அலகுகளில் இன்னொரு ஆண்டையும் அடித்தது. பிறந்த ஆண்டு '17, பக்கத்தில் '24 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். 1924-ல் மறுபடி சேவைக்குப் போயிருக்கிறது. இரண்டு அம்புக்குறிகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நட்சத்திரம் மாதிரி தெரிந்தால், அரசு அதை முறையாக விற்றுவிட்டது என்று அர்த்தம். உபரி என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேறு இல்லை.

இப்போது இன்ஜினியரிங். முத்திரை அடிப்பது உலோகத்தை வெட்டுவதல்ல, நகர்த்துவது. எழுத்தின் விளிம்பில் உலோகம் மெல்ல மேடாக எழும். தயாரிப்பாளர் அடித்து, பிறகு லேசாக மெருகிட்டால் அந்த மேடு சமமாகும். ஆனால் எழுத்தின் ஓரம் கூர்மையாகவே இருக்கும், ஆழம் ஒரே சீராக இருக்கும். பல வருடம் கழித்து ஒருவர் பஃபிங் சக்கரத்தில் வைத்து தேய்த்தால் எழுத்தின் ஓரம் மழுங்கும். ஆழம் குறைந்த இடங்கள் மறைந்தே போகும். கிரீடத்தின் மேல்பாதி இல்லை, ஆனால் கீழே உள்ள எண் மட்டும் பளிச்சென்று இருக்கிறது என்றால், யாரோ அந்த மேற்பரப்பை எடுத்திருக்கிறார்கள். மாறாக எழுத்து மட்டும் மிகக் கூர்மையாக, சுற்றிலும் மேடு தடவினால் கையில் தட்டுப்படுகிற மாதிரி இருந்து, அலகு மட்டும் தேய்ந்து கிழடாக இருந்தால், அந்த முத்திரைக்கு வயசு குறைவு.

மூன்றாவது சோதனை: மேற்பரப்பு

எனக்குத் தெரிந்து இதுதான் மிகவும் நம்பகமான சோதனை. துருப்பிடித்த இரும்பில் சின்னச் சின்னக் குழிகள் விழும். அந்தக் குழிகளின் உள்ளே பாருங்கள். குழிக்குள் பழுப்பும் கறுப்புமாகத் துருவின் மிச்சம் இருந்து, பூச்சு குழியின் ஓரத்தோடு நின்றுவிட்டால், முதலில் பூச்சு, பிறகு துரு. அதாவது பூச்சு பழையது. குழிக்குள்ளும் அதே கறுப்பு அல்லது சாம்பல் பூச்சு சீராக இறங்கியிருந்தால், முதலில் துரு, பிறகு பூச்சு. துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இதே தர்க்கம் முத்திரைக்கும் பொருந்தும். எழுத்தின் பள்ளத்துக்குள் பூச்சு இருந்தால் முத்திரை முந்தியது. பூச்சு உடைந்து பள்ளத்தில் வெறும் உலோகம் பளபளத்தால் முத்திரை பிந்தியது.

பூச்சு எந்த வகை என்பதும் பேசும். எண்ணெய் கலந்த கருநீலப் பூச்சு ஒரு மாதிரி, பாஸ்பேட் பூச்சு சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இன்னொரு மாதிரி. மணல் வீசிச் சுத்தம் செய்தால் மேற்பரப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி மங்கலாக இருக்கும். தேய்ப்புச் சக்கரத்தில் செய்தால் கோடுகள் ஒரு திசையில் ஓடும். கட்டிக் கறுப்புப் பெயிண்ட் என்றால் பெரும்பாலும் போருக்குப் பிந்தைய கிடங்கு வேலை. விளிம்புகளையும் கவனிக்க வேண்டும். அலகின் நீளப் பள்ளத்தின் ஓரம் கத்தி போலத் தெளிவாக இருந்தால் நல்லது. சோப்புக் கட்டி மாதிரி உருண்டிருந்தால் பாலிஷ் அதிகம்.

"பழசு மாதிரி" ஆக்குகிறவர்களும் உண்டு. அமிலம் தடவித் துருவை வரவழைப்பார்கள். ஆனால் இயற்கையான துரு அப்படி எல்லா இடத்திலும் சமமாக வராது. உறைக்குள் இருந்த பகுதி ஒரு மாதிரி, கை பட்ட பகுதி ஒரு மாதிரி, கைக்காப்பின் இடுக்கு வேறு மாதிரி இருக்கும். எல்லா இடமும் ஒரே பழுப்பு என்றால் அது காலம் செய்த வேலையாக இருக்காது.

நான்காவது சோதனை: கட்டை, திருகு, உறை

பிடியின் இரு பக்கமும் வால்நட் கட்டை, இரண்டு திருகுகள். தொழிற்சாலையில் கட்டையையும் உலோகத்தையும் சேர்த்தே மட்டம் செய்வார்கள். அதனால் விரலால் தடவினால் இரண்டும் ஒரே மட்டத்தில் ஓடும். பின்னாளில் யாராவது கட்டையை மட்டும் எமரி போட்டுத் தேய்த்திருந்தால், மரம் உலோகத்தைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும்.

திருகின் தலையில் உள்ள வெட்டைப் பாருங்கள். ஓரம் நசுங்கி, பளிச்சென்ற புதுக் கீறல் இருந்தால் சமீபத்தில் திறந்திருக்கிறார்கள். அதற்காக நீங்களும் திறந்து பார்க்காதீர்கள். கட்டைக்கு அடியில் இருக்கும் பழைய பூச்சு நல்ல சாட்சிதான். ஆனால் சாட்சியைப் பார்க்கப்போய் சாட்சியைக் கெடுத்த கதையாகிவிடும்.

கட்டை மாறியிருந்தாலே போலி என்று முடிவு கட்டவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் உலகப் போரின்போது டென்னிஸ் மட்டைக்குப் பேர்போன ஸ்லேசஞ்சர் கம்பெனி ராணுவத்துக்கு மர வேலை செய்துகொடுத்தது. 'ஸ்லாஸ்' என்ற சுருக்க முத்திரையும் ஆண்டும் அந்தக் கட்டைகளில் இருக்கும். முதல் உலகப் போர்க் காலத்து லித்கோ அலகில் 1940-களின் ஸ்லேசஞ்சர் கட்டை இருந்தால், அது முதல் கையின் வேலை. சேவையில் இருந்தபோதே மாற்றியது. மதிப்பு குறையாது, கதை கூடும்.

உறை எளிதில் கைமாறும் பொருள். தோல் உறை கிழியும், வேறு உறை வரும். அதனால் உறையை வைத்துக் கத்தியையோ, கத்தியை வைத்து உறையையோ தீர்மானிக்கக்கூடாது. இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

இஷாப்பூர் செய்த அறுவை

மேலே சொன்ன "எது முதலில், எது பிறகு" என்ற கேள்விக்கு மிகச் சிறந்த பாடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. கல்கத்தாவுக்கு வடக்கே உள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை 1904-ல் தோன்றியது. இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில், 17 அங்குலக் கத்தி லாரியிலும் காட்டிலும் இடைஞ்சல் என்று இந்தியாவில் அதை 12 அங்குலமாகக் குறைத்தார்கள். அதாவது, 1907-ல் எந்த நீளம் போதாது என்று விட்டார்களோ, அதே நீளத்துக்கே திரும்பி வந்தார்கள்!

இதை இரண்டு விதமாகச் செய்தார்கள். ஏற்கெனவே இருந்த நீள அலகை வெட்டிக் குறைத்தது ஒன்று. 12 அங்குலமாகவே புதிதாகச் செய்தது இன்னொன்று. வித்தியாசம் எப்படித் தெரியும்? பள்ளம்தான் சொல்லும். வெட்டிய அலகில் பழைய நீளப் பள்ளம் புது முனைக்கு மிக அருகே வரை ஓடி நிற்கும். வடிவமைத்தவன் அப்படி வைக்கமாட்டான். நடுவில் வெட்டியதால் வந்த கோலம் அது. புதிதாகச் செய்த குட்டை அலகுகள் பலவற்றில் பள்ளமே கிடையாது; போர் அவசரத்தில் அந்த வேலையைத் தவிர்த்துவிட்டார்கள். தயாரிப்பு முத்திரை ஆர்.எஃப்.ஐ. என்றும், அரசரின் எழுத்து ஜி.ஆர்.ஐ. என்றும் இருக்கும். கடைசி ஐ, இந்தியாவின் சக்கரவர்த்தி என்பதைக் குறிக்கும்.

எனவே சாண்டர்சன் பெயரும் முதல் உலகப் போர்த் தேதியும் உள்ள 12 அங்குல பயனெட் ஒன்று கிடைத்தால், "யாரோ வெட்டிக் கெடுத்துவிட்டார்கள்" என்று தூக்கிப் போடாதீர்கள். ஐரோப்பாவில் பிறந்து, இந்தியாவில் அறுவை செய்துகொண்டு, இரண்டாவது போருக்குப் போன கத்தியாக இருக்கலாம் அது. 1960-களில் இஷாப்பூர் 7.62 மி.மீ. ரைபிளைச் செய்தபோதும் இதே குட்டை பயனெட் அதில் பொருந்தியது. .303 ரைபிளோ இன்னும் நீண்ட ஆயுள் கொண்டது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடைகொடுத்தது.

வெளிநாட்டு உறவினர்கள்

வெட்டிக் குறைப்பது இந்தியாவில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவின் 1905 மாதிரி பயனெட் 16 அங்குலம். 1943-ல் அதை 10 அங்குலமாகக் குறைத்தார்கள். பழையவற்றைத் திரும்ப வாங்கி வெட்டிய கம்பெனிகளில், மண்வெட்டி போன்ற தோட்டக் கருவிகள் செய்துகொண்டிருந்த அமெரிக்கன் போர்க் அண்ட் ஹோ, யூனியன் போர்க் அண்ட் ஹோ இரண்டும் உண்டு. அங்கேயும் அதே அடையாளம்தான்: வெட்டிய அலகில் பள்ளம் முனை வரை ஓடும், புதிய அலகில் முன்பே நின்றுவிடும். போர்க்காலத்திலேயே நடந்த மாற்றம் என்பதால் இவையும் முதல் கையின் வேலையே.

ஜெர்மனியின் கதை வேறு. மவுசர் ரைபிளுக்கான 84/98 பயனெட்டில் கத்திக்கும் உறைக்கும் ஒரே வரிசை எண் அடித்து ஜோடியாகக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் சோவியத் யூனியனும் யூகோஸ்லாவியாவும் கைப்பற்றிய ஜெர்மன் ஆயுதங்களைப் பெருமளவில் பிரித்துச் சுத்தம் செய்து கிடங்கில் வைத்தன. பிரித்துச் சேர்க்கும்போது ஜோடியைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அதனால் எண் பொருந்தாத ஜோடி, ஒரே சீரான புதிய கறுப்பு, மழுங்கிய முத்திரை மூன்றும் சேர்ந்து வந்தால், இரண்டாவது கையின் வேலை என்று ஊகிக்கலாம். அதைப் "போரில் பிடித்தபடியே வந்தது" என்று விற்றால், அங்கே மூன்றாவது கை நுழைந்துவிட்டது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்கு

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கையில் ஒரு பயனெட். சாண்டர்சன் பெயர், தேதி 5 '15. கொக்கி இல்லை. பிடியின் தலையில் துளை இருக்கிறது. இரண்டாவது தேதி '24. அலகு 12 அங்குலம், பள்ளம் முனையருகே வரை ஓடுகிறது. மேலே கட்டிக் கறுப்புப் பூச்சு. துருக் குழிகளுக்குள்ளும் அதே கறுப்பு. திருகில் பழைய அழுக்கு, கீறல் இல்லை.

வரிசைப்படுத்துங்கள். 1915 மே மாதம் பிறப்பு. 1913-க்குப் பிறகு பிறந்ததால் கொக்கி இல்லாதது இயல்பு. துளை 1916-க்குப் பிறகு. 1924-ல் மறு வெளியீடு. 1940-களின் தொடக்கத்தில் இந்தியாவில் குறைக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு கொஞ்ச காலம் துரு. அதன் பிறகு கறுப்புப் பூச்சு. திருகில் அழுக்கு இருப்பதால் வியாபாரி கட்டையைக் கழற்றவில்லை.

இது அசலா, புதுப்பித்ததா? இரண்டும்தான். நான்கு தடவை கை வைத்த அசல். இதை "முதல் உலகப் போரில் சோம் யுத்தத்தில் இருந்த கத்தி" என்று ஒருவர் விற்றால், 1916-ல் இது உலகத்தில் இருந்தது என்பது மட்டுமே நிரூபணம். சோமில் இருந்ததாக இந்த இரும்பு எங்கேயும் சொல்லவில்லை. அது சொல்லாததை நாம் சொல்லக்கூடாது.

இன்னொரு விஷயம். அலகில் உள்ள கறையைக் காட்டி "ரத்தம்" என்பவர்களை நம்ப வேண்டாம். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களில் பயனெட்டால் காயம்பட்டவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. குண்டும் பீரங்கியும்தான் கொன்றன. பயனெட் பெரும்பாலும் டின் திறக்கவும், விறகு பிளக்கவும், பதுங்குகுழிச் சுவரில் குத்திப் பை மாட்டவும்தான் உதவியது. முனை மழுங்கியிருந்தால் காரணம் வீரமாக இருக்க வேண்டியதில்லை, டப்பாப் பாலாகவும் இருக்கலாம்.

இதனால் நமக்கு என்ன?

"இந்த இரும்பைத் தெரிந்து என்ன செய்யப்போகிறோம்?" என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

போருக்குப் போன சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோர் எதுவும் எழுதிவைக்கவில்லை. பட்டறையில் துளை போட்ட தொழிலாளி, அலகை வளைத்து எக்ஸ் அடித்த இன்ஸ்பெக்டர், இஷாப்பூரில் நீள அலகை வெட்டிய பிட்டர், யார் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் எழுதியது எல்லாம் இந்த இரும்பின் மேல்தான் இருக்கிறது. ஒருவர் பளபளப்புக்காக அதைச் சக்கரத்தில் வைக்கும்போது அழிவது துரு மட்டுமல்ல. அந்த மனிதர்கள் இருந்ததற்கான ஒரே ஆதாரமும் அழிகிறது. காகிதத்தில் எழுதிய வரலாற்றைக் கிழித்தால் கோபம் வருகிறது. இரும்பில் எழுதியதைத் தேய்த்தால் "சூப்பரா இருக்கு" என்கிறோம்.

நம்மில் பலர் பராமரிப்புத் துறையில் இருக்கிறோம். பழைய பம்ப், பழைய டர்பைன், பழைய பாலம் எதுவானாலும் முதல் கேள்வி இதுதான்: இதில் முன்பு யார், என்ன செய்திருக்கிறார்கள்? ரிஜிஸ்டரில் இருக்காது. மேற்பரப்பில் இருக்கும். எது மேலே, எது கீழே என்று பார்க்கப் பழகிய கண் பயனெட்டில் மட்டுமல்ல, பாய்லரிலும் உபயோகப்படும்.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் பயனெட்டை ஆயுதமாகவே பார்க்கின்றன. ஆசைப்பட்டு வாங்கவோ, வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரவோ வேண்டாம். சட்டத்தை முதலில் விசாரியுங்கள். பார்த்துப் படிப்பதற்கு மியூசியங்கள் இருக்கின்றன.

குடும்பத்தில் முறையாக வந்த பழைய ராணுவப் பொருள், அது பயனெட்டோ, தண்ணீர்க் குடுவையோ, பெல்ட் பக்கிளோ, எதுவானாலும் நான்கு காரியம் செய்யுங்கள். முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். முத்திரைகளை அப்படியே ஒரு தாளில் வரைந்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அது எப்படி வந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னதை, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். பிறகு லேசாக எண்ணெய் துணியால் துடைத்து, ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

எமரி பேப்பரை மட்டும் எடுக்காதீர்கள்.